மைனர் கணக்கு

என் மகள் பெயரில் ஒரு சென்ட் நிலம் இருந்தால், கோர்ட் அனுமதி இல்லாமல் அதை நான் விற்க முடியாது. அடமானம் வைக்க முடியாது. ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவும் முடியாது. 1956-ம் வருஷத்து இந்து மைனர், காப்பாளர் சட்டத்தின் எட்டாவது பிரிவு அப்படிச் சொல்கிறது. மீறி விற்றால், மேஜரான பிறகு அவள் அந்த விற்பனையைத் தள்ளிவிடலாம். ஆனால் அதே மகளை இரண்டு வயதில் முன்பின் தெரியாத ஒருவரின் கத்திக்கு முன் உட்கார்த்தி மொட்டையடிக்கவும், காதில் ஊசி இறக்கவும், ஒரு தெய்வத்துக்கு உரியவளாக்கவும் எந்த கோர்ட்டையும் நான் கேட்க வேண்டியதில்லை. நிலத்துக்கு இருக்கிற பாதுகாப்பு தலைக்கு இல்லை.

வங்கியில் மைனர் கணக்கு ஒன்றைத் தொடங்கும்போது காப்பாளரின் கையெழுத்தை வாங்குகிறோம். குழந்தைக்குப் பதினெட்டு முடிந்த அன்று அந்தக் கையெழுத்துக்கு மதிப்புப் போய்விடுகிறது. பிறகு வளர்ந்தவர் நேரில் வந்து புதிய மாதிரிக் கையெழுத்துப் போட்டு, கணக்கில் உள்ள இருப்பு சரிதான் என்று ஒப்புக்கொடுக்க வேண்டும். கவுண்டரின் இந்தப் பக்கமிருந்து நான் பார்த்த வரையில் யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை. கை காட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். இத்தனை வருஷம் என் பெயரில் இன்னொருவர் என்ன வரவு வைத்தார், என்ன எடுத்தார் என்று கேட்கிற ஒரு பையனையோ பெண்ணையோ நான் இன்னும் சந்திக்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சந்தர்ப்பம் மிகச் சாதாரணமானது. மகள் பிறந்த முதல் மாதத்திலேயே காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அம்மா குலதெய்வத்துக்கு முடி நேர்ந்துகொண்டாள். எங்களுடையது தாமிரபரணிப் பாசனத்தில் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சாஸ்தா. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஜனங்கள் எங்கே போய்ப் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்தன்று அவரவர் சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவார்கள். வருஷத்தில் மற்ற நாட்களில் அங்கே ஆடு மேயும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கல்லூரி நாட்களிலேயே போய்விட்டது. போனதற்காக நான் துக்கப்பட்டதும் இல்லை. நம்பாத ஒருவன் தன் குழந்தையின் தலையைத் தான் நம்பாத ஒன்றுக்குக் கொடுப்பது அயோக்கியத்தனம் என்று அம்மாவிடம் சொன்னேன். இவ்வளவு கடுமையான வார்த்தையில் அல்ல.

“எய்யா, நீ நம்ப வேண்டாம். நேந்துக்கிட்டது நானு. முடி பிள்ளைக்கு. இதுல உனக்கு என்ன?”

எந்த வக்கீலும் இவ்வளவு சுருக்கமாக என்னை வழக்கிலிருந்து விலக்கியிருக்க முடியாது. நேர்ந்துகொண்டவளும் வாங்கிக்கொள்கிற தெய்வமும் அதற்கு இடமான தலையும் என்று மூன்று பேருக்குள் முடிந்துவிட்டது. நான் ரயில் டிக்கட் எடுக்க வேண்டியவன்.

இங்கிலீஷ் புத்தகங்களில் படித்துவந்த எனக்கு உடனே கையில் கிடைத்த ஆயுதம் சம்மதம் என்ற சொல். ஒரு மனித உடலின் மேல் அதற்குரியவரின் சம்மதமில்லாமல் எதுவும் செய்யக்கூடாது. கேட்பதற்கு உறுதியாக இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையோடு ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்தால் இதன் உறுதி தெரிந்துவிடும். என் மகளுக்கு இப்போது மிகவும் பிடித்த சொல் ‘வேண்டாம்’. குளிக்க வேண்டாம் என்று அழுவாள். குளிக்க வைத்தால், தண்ணீரை விட்டு எழுந்து வர வேண்டாம் என்று அழுவாள். செருப்பு வேண்டாம். செருப்பைக் கழற்ற வேண்டாம். இவளுடைய மறுப்புக்கு மரியாதை செய்வது என்றால், எந்த மறுப்புக்கு?

சங்கடம் இதைவிட ஆழத்தில் இருக்கிறது. அவள் பெயரை அவளைக் கேட்டு வைக்கவில்லை. தமிழை அவளைக் கேட்டுக் காதில் போடவில்லை. இரண்டும் தலைமயிரைவிட அவளுக்குள் ஆழமாகப் போய்விட்டன. எதையும் வேண்டும், வேண்டாம் என்று தேர்கிற ஒருத்தி அவளுக்குள் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறாள், நாம் அவளுடைய அனுமதியை வாங்காமல் அத்துமீறுகிறோம் என்பது ஒரு கற்பனை. அந்த ஒருத்தியே இந்தப் பெயராலும் பேச்சாலும் சோற்றாலும் தூளியாலும் திரண்டுவருகிறவள்தான். அரசு மருத்துவமனையில் ஒன்றேகால் வயதைத் தாண்டியதும் அம்மை ஊசியும் முத்தடுப்பு ஊசியும் போட்டார்கள். வீறிட்டு அழுதாள். என் தர்க்கம் அங்கே ஒரு முணுமுணுப்பும் எழுப்பவில்லை. நன்மை என்று நான் நம்புகிற இடத்தில் சம்மதத்தைப் பற்றி நினைப்பதில்லை. நம்பாத இடத்தில் மட்டும் அது ஞாபகம் வருகிறது. அம்மாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் சாஸ்தாவும் ஒரு முத்தடுப்பு.

சரி, எதையும் செய்யாமல் விட்டுவிடுவது? வளரட்டும், அவளே தேர்ந்துகொள்ளட்டும் என்பது? படித்த நண்பர்கள் பலர் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இயற்கையின் போக்கில் குழந்தையை வளர்ப்பது பற்றி 1762-ல் ‘எமீல்’ எழுதிய ரூஸோ தன் ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதியில் சேர்த்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைச் சொல்லி அந்தப் புத்தகத்தை ஒதுக்குவது மலிவான வேலை. எனக்கு இதில் அதிகம் உபயோகப்பட்டவர் எட்மண்ட் காஸ். 1907-ல் அவர் வெளியிட்ட ‘தந்தையும் மகனும்’ என்ற சுயசரிதை, பொய்யே புழங்காத ஒரு வீட்டைப் பற்றியது. தந்தை பிலிப் காஸ் பெயர்பெற்ற விலங்கியல்காரர். தாயும் தந்தையும் பிளிமத் சகோதரர்கள் என்ற கடுமையான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கற்பனைக் கதை சொல்வது பாவம் என்பது தாயின் உறுதியான எண்ணம். ஆகவே அந்தக் குழந்தை ஒரு தேவதைக் கதையும் கேட்காமல் வளர்ந்தது. பூதமும் இல்லை, பூச்சாண்டியும் இல்லை. கிறிஸ்துமஸ் பண்டிகையும் சடங்கு என்று விலக்கப்பட்டது. ஒரு வருஷம் வேலைக்காரிகள் ரகசியமாக புட்டிங் செய்து பையனுக்கும் ஒரு துண்டு கொடுக்கிறார்கள். அவன் மனசாட்சி உறுத்தித் தந்தையிடம் போய்ச் சொல்ல, அவர் அந்த புட்டிங்கைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சாம்பல் குவியலில் எறிகிறார்.

சடங்கும் இல்லாமல், பொய்யும் இல்லாமல், எல்லாவற்றையும் குழந்தையிடம் உண்மையாகப் பேசி வளர்த்த வீடு. ஆனால் அந்தக் குழந்தையைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே கர்த்தருக்கு அர்ப்பணித்துவிட்டிருந்தார்கள். வாலிபனாகி அதிலிருந்து பிய்த்துக்கொண்டு வர காஸ் பட்ட பாடுதான் புத்தகம். விலகி நிற்பதும் ஒரு சடங்குதான் என்று இதைப் படித்தபோது தோன்றியது. நம் ஊரிலேயே பார்க்கலாம். சடங்கை மறுத்தவர்கள் கல்யாணத்துக்கு ஒரு மாற்றைக் கண்டார்கள். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் அண்ணாதுரை ஆட்சி சட்டத்தில் இடம் செய்தது. குழந்தைக்கு என்று வந்தபோது மேடையில் தலைவர் கையில் கொடுத்துப் பெயர் வைக்கச் சொன்னார்கள். வெளிச்சத்திலும் மைக் சத்தத்திலும் மிரண்டு அழுத அந்தக் குழந்தைகளுக்கு, சாஸ்தா கோவில் மேளத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்?

இந்த மாதிரி நான் தர்க்கித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி என் மனைவி, மகள் வாயில் கடைசி உருண்டையைத் திணித்தபடி சொன்னாள்: “முடிக்கு மட்டும் கோர்ட்டு வெச்சுப் பேசுதீங்க. மூணு வேளையும் இவளுக்கு நாம சோத்தோட ஊட்டுதோமே, அதுக்கு யாரு கேக்கா?”

சட்டப்படி கேட்கிற உரிமை அவளுக்கு அண்மையில்தான் வந்தது என்பதை ஓர் உபரிச் செய்தியாகச் சொல்கிறேன். 1956 சட்டத்தில் இயற்கைக் காப்பாளர் தகப்பன். அவனுக்கு ‘பிறகு’ தாய். கீதா ஹரிஹரன் என்ற நாவலாசிரியை 1980-களில் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கத் தானே காப்பாளராகக் கையெழுத்துப் போட்டு அனுப்ப, தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1999-ல் தீர்ப்பானது. சட்டத்தை அடிக்காமல் ஒரு சொல்லுக்கு வேறு பொருள் கொண்டார்கள்: ‘பிறகு’ என்றால் செத்த பிறகு என்று வேண்டியதில்லை, ‘இல்லாதபோது’ என்று கொள்ளலாம். குழந்தையின் காரியங்களில் அக்கறை காட்டாத தகப்பனும் ‘இல்லாத’ தகப்பன்தான். ஒரு சொல்லை இவ்வளவு உன்னிப்பாகப் படித்த விமர்சனம் நம் இலக்கியப் பத்திரிகைகளில் அபூர்வம். சோறு ஊட்டப்படும் நேரங்களில் நான் பெரும்பாலும் இந்தப் பொருளில் இல்லாதவன். பக்கத்து அறையில் எதையாவது படித்துக்கொண்டிருப்பேன்.

அவள் சொன்ன பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று உண்டு. பதினைந்தாம் மாதத்துக்கு உரியது என்பது வழக்கமான கணக்கு. குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிடுவது. சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நாலு உபாயங்களாலும் கூப்பிட வேண்டும். நீயும் இவனும் ஒன்று என்று இணக்கமாகச் சொல்லவேண்டும். உனக்குக் களங்கம் உண்டு, இவனுக்கு இல்லை என்று பிரித்துக் காட்ட வேண்டும். வந்தால் இன்னது கிடைக்கும் என்று ஆசை காட்ட வேண்டும். வராவிட்டால் என்ன ஆகும் என்று மிரட்ட வேண்டும். பாடுவது கஷ்டம் என்பதால் பிள்ளைத்தமிழுக்கு அம்புலி புலி என்று சொல்வார்கள். படிக்கிற காலத்தில் இது எனக்கு வெறும் புலவர் சாமர்த்தியமாகப் பட்டது. இப்போது எங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு இந்த நாலும் ஒழுங்கு மாறாமல் நடக்கின்றன. ஒரு வித்தியாசம். கவிதையில் குழந்தைக்காக நிலாவை மிரட்டினார்கள். வீட்டில் சோற்றுக்காகக் குழந்தையை மிரட்டுகிறோம். நிலா, பாவம், இரண்டாம் உபாயம் வரைகூடத் தாக்குப்பிடிப்பதில்லை. அந்த இடத்துக்கு இப்போது கைப்பேசி வந்துவிட்டது. ஒரு பாட்டு ஓடும். வாய் தானாகத் திறக்கும். உருண்டை உள்ளே போகும். தின்கிறோம் என்ற பிரக்ஞையே அவள் முகத்தில் இராது. இது தானமா, பேதமா என்று எந்தப் பாட்டியலும் சொல்லவில்லை.

கைப்பேசியைப் பற்றிப் புலம்ப எனக்கு விருப்பமில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு உறுத்தியது நாலாவது உபாயம். “சாப்பிடு, இல்லேன்னா சாக்குப்பைக்காரன் பிடிச்சிட்டுப் போயிருவான்.” அம்மா சொல்வாள், என் மனைவியும் சொல்லியிருக்கிறாள், அவசரத்தில் நானும்தான். எங்கள் தெருவில் ஒரு கிழவர் பழைய பேப்பரும் இரும்பும் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போவார். ஒரு காலை விந்தி நடப்பார். ஒரு நாள் சாயங்காலம் வாசலில் நின்ற என் மகள் அவரைப் பார்த்ததும் அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவர் நின்று பார்த்தார். அப்புறம் சாக்கை எங்கள் வீட்டுப் பக்கத்துத் தோளிலிருந்து அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு போனார். பழகிப்போன காரியமாக அதைச் செய்தார். எத்தனை தெருக்களில், எத்தனை வீட்டுச் சோற்றுக்காக, இவர் இப்படித் தோள் மாற்றியிருக்கிறார்!

நம் பூச்சாண்டிகளின் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். குடுகுடுப்பைக்காரன், பிள்ளைபிடிக்கிறவன், சாக்குக்காரன், தெருவில் தனக்குள் பேசிக்கொண்டு போகிறவன். வீடில்லாதவனும் ஊர் விட்டு ஊர் நடக்கிறவனும்தான் இதில் உண்டு. சொத்துள்ள மனிதன் ஒருவனைக் காட்டி யாரும் சோறு ஊட்டுவதில்லை. போலீஸ்காரர் ஒருவர்தான் விதிவிலக்கு. 1693-ல் கல்வியைப் பற்றி எழுதிய ஜான் லாக் வேலைக்காரர்கள் குழந்தைகளுக்குச் சொல்லும் பூதக் கதைகளைக் கண்டித்தார். இளம் மனதில் பதிந்த அந்த உருவங்கள் ஆயுளுக்கும் போகாது என்பது அவருடைய கவலை. குழந்தை இருட்டைக் கண்டு பயப்படுமே என்று அவர் யோசித்தார். வெளிச்சத்தில் நடந்து போகிற ஒரு மனிதனைக் கண்டு பயப்படக் கற்பித்தால் அந்த மனிதனுக்கு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி.

2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் ஒரு குடும்பம் காரில் வந்தது. குலதெய்வக் கோவிலைத் தேடிக்கொண்டு வந்தவர்கள். வழி கேட்க நிறுத்திய இடத்தில், கூட வந்த 65 வயதுப் பெண்மணி அங்கே நின்ற குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்திருக்கிறார். பிள்ளைபிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அப்போது கைப்பேசிகளில் வதந்தி பரவிக்கொண்டிருந்தது. ஊர் கூடி அடித்தது. அவர் இறந்துபோனார். வதந்தியைப் பரப்பிய கருவியைப் பற்றி நிறையப் பேசினார்கள், எழுதினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் ‘பிள்ளைபிடிக்கிறவன்’ என்ற சொல்லைக் கருவி கற்பிக்கவில்லை. அது ஒவ்வொருவருக்கும் இரண்டு வயதில், பருப்புச் சோற்றோடு, தன்னை அதிகமாக நேசித்தவர்களின் கையால் ஊட்டப்பட்டது. என் வீட்டிலும் ஊட்டப்படுகிறது.

இந்த இடத்தில் எனக்கு எட்டாவது பிரிவு திரும்ப ஞாபகம் வந்தது. அது காப்பாளரிடம் மைனரின் சம்மதத்தைக் கேட்கவில்லை. அவசியமானதையும், நியாயமானதையும், மைனரின் நன்மைக்கானதையும் செய்துகொள் என்கிறது. பெரிய காரியங்களை மட்டும், வளர்ந்தவர் விரும்பினால் தள்ளிவிடக்கூடிய நிலையில் வைக்கிறது. இன்னொன்றும் சொல்கிறது: தன் வாக்குறுதியால் மைனரைச் சொந்த முறையில் கட்டிவைக்கக் காப்பாளருக்கு எந்தக் காலத்திலும் அதிகாரம் இல்லை. தத்துவக்காரர்களைவிட இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குக் குழந்தையைப் பற்றி அதிகம் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். குழந்தை ஒப்புகிறதா என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. பிற்பாடு அவளால் கழற்றி வைக்க முடிகிற ஒன்றை மாட்டுகிறோமா என்று கேட்கலாம். முடி வளரும். காதுத் துளையில் எதையும் போடாமல் இருந்துவிடலாம். சாஸ்தாவை மறந்துவிடலாம், நான் மறந்ததைப் போல. ஆனால் தெருவில் சாக்கோடு ஒரு மனிதன் வரும்போது வயிற்றில் எழுகிற ஒரு சுருக்கை, இருபது வயதில் எந்த மனுப் போட்டுத் தள்ளுவாள்? அது இடப்பட்ட நாள் அவளுக்குத் தெரியாது. இடப்பட்டதே தெரியாது. தன் சொந்தச் சுபாவம் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆகவே மொட்டைக்கு ஒப்புக்கொண்டேன். பங்குனி உத்திரத்தன்று போனோம். கோவிலில் கணக்கு எழுதுகிறவர் ஒரு நீள நோட்டோடு உட்கார்ந்திருந்தார். வகையறா வாரியாகக் குடும்பங்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் வரி. எங்கள் தாத்தா பெயருக்குக் கீழே அப்பா பெயர், அதற்குக் கீழே என் பெயர், எனக்குத் தெரியாமல் வருஷாவருஷம் அம்மா கட்டிய தொகைகள். நான் கழற்றி வைத்துவிட்டதாக நினைத்திருந்த ஒன்று நீல மையில் பத்திரமாக இருந்தது. இந்த நோட்டு ஒரு ஜாதியின் நோட்டு. அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. என் மகள் பெயரை இதில் எழுதக்கூடாது என்று சொல்லத் தயாராக நின்றேன். வாக்கியங்களைக்கூட யோசித்து வைத்திருந்தேன். அவர் நிமிர்ந்து, “என்ன பிள்ளை?” என்றார். பெண் என்றதும் பேனாவை மூடிவிட்டார். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குய்யா எழுதணும்? நாளைக்கு வேற சாஸ்தாவுக்குப் போறவ.”

எனக்கு வந்தது ஆறுதலா ஆத்திரமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கட்டக்கூடாது என்று வாதாட வந்தேன். கட்டுவதற்குக்கூட அவள் தகுதியில்லை என்றார்கள். முடியை மட்டும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

முடி இறக்கியவர் நல்ல கைக்காரர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். இந்து அறநிலையத் துறைக் கோவில்களில் 2021 முதல் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. எங்களுடையது அதன் கீழ் வராது என்பதால் அம்மா வெற்றிலைபாக்கில் வைத்துப் பணம் கொடுத்தாள். என் மைத்துனன் மடியில் உட்காரவைத்து, வெந்நீர் தொட்டுத் தலையை நனைத்தார்கள். வீறிட ஆரம்பித்தவளிடம், “மாமா முடி எடுப்பாங்க, வலிக்காது, மாமா பாரு” என்று எல்லோரும் அவரைக் காட்டினார்கள். எங்கள் வீட்டில் ஆண் என்று யார் வந்தாலும் அவளுக்கு மாமாதான், அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். அவரும் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே, ஒரு கீறல் விழாமல் வேலையை முடித்துச் சந்தனம் பூசிவிட்டார். அவள் சமாதானமாகித் தலையைத் தடவிப் பார்த்து, “மாமா” என்று அவரைக் காட்டிச் சிரித்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் பந்தி. கோவில் நிழலில் வரிசையாக இலை போட்டார்கள். அவருக்கு மட்டும் சோறும் சாம்பாரும் ஒரு தூக்குச்சட்டியில் கட்டிக் கொடுக்கப்பட்டது. அவர் இங்கே உட்கார மாட்டாரா என்று கணக்கு எழுதுகிறவரிடம் கேட்டேன். “அவுகளுக்கு அது பழக்கமில்ல” என்றார். கொஞ்சமும் விரோதம் இல்லாமல், ஒரு தகவலாகச் சொன்னார். முடி இறக்கியவரிடமே போய் உட்காரச் சொன்னேன். “இருக்கட்டும் சாமி, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று தூக்குச்சட்டியோடு வரப்பில் இறங்கிவிட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த மகள் வரப்பைக் காட்டி, “மாமா சோறு?” என்றாள். மாமா வீட்டுக்குப் போகிறாங்க என்று அம்மா சொல்லி, வாயில் ஒரு உருண்டையை வைத்தாள்.

நாங்கள் கோர்ட் வைத்துப் பேசிய எதுவும் இந்த உருண்டையைத் தொடவில்லை. யாரும் அவளுக்கு இதை உபதேசிக்கவில்லை. எந்தச் சுலோகமும் இதில் இல்லை. ஒருவரை மாமா என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்து, அந்தச் சொல் எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதையும் இலையில் உட்காரவைத்தே கற்றுக்கொடுத்தாகிவிட்டது. முடியோடு கூடவே வந்து, முடியைப் போல் தரையில் விழாமல், உள்ளே போகிற சரக்கு இது. ஜாதி ஒரு கொள்கையாக நம் குழந்தைகளுக்கு வருவதில்லை. கொள்கையாக வந்திருந்தால் படித்த தலைமுறை ஒன்று அதைத் தர்க்கித்து ஒழித்திருக்கும். யார் எங்கே சாப்பிட்டார்கள் என்ற ஞாபகமாக, அதுவும் ஞாபகம் என்று தெரியாத ஞாபகமாக, அது வருகிறது. சடங்கை எதிர்ப்பவர்கள் மந்திரத்தையும் கத்தியையும் பார்க்கிறார்கள். பந்தியைப் பார்ப்பதில்லை என்பது என் புகார். நம்பிக்கை இருக்கிறதா என்று என்னையே நான் கேட்டுக்கொண்டிருந்தது வீண் வேலை. அந்தத் தூக்குச்சட்டிக்கு யாருடைய நம்பிக்கையும் தேவைப்படவில்லை.

அடுத்த வருஷம் அவர் இலையில் உட்காராத பந்தியில் நானும் குழந்தையும் உட்கார்வதில்லை என்று ஊருக்குத் திரும்பும் வழியிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். “அப்ப அவுக பசியாப் போனா உனக்குச் சம்மதமா?” என்று கேட்டாள். எனக்கு வேண்டாத இடத்தில் அந்தச் சொல்லை அவள் எடுத்தாள். ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இப்போது காதுகுத்து பாக்கி இருக்கிறது. தை மாதம் என்று பேச்சு. இதை என் மனைவி தன் கையில் எடுத்துக்கொண்டாள். வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆசாரி வரட்டும், வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பாயில் சாப்பாடு, ஆசாரிக்கும் அதே பாயில். இதுவரை தகராறு இல்லை. அவளுடைய இன்னொரு நிபந்தனைதான் அம்மாவுக்குப் புரியவில்லை. குழந்தையிடம் யாரும் ‘வலிக்காது’ என்று சொல்லக்கூடாது. தடுப்பூசி போட்ட அன்றும், மொட்டையன்றும், எல்லோரும் அவளிடம் அந்தப் பொய்யைச் சொன்னார்கள். வலித்தபோது அவள் ஊசியைப் பார்க்கவில்லை, சொன்னவர்கள் முகத்தைப் பார்த்தாள் என்கிறாள். நான் கவனிக்காதது அது.

நான் வழக்கம்போல் இலக்கியத்துக்குப் போனேன். பெரியாழ்வார் திருமொழியில் யசோதை கண்ணனுக்குக் காது குத்தும் பதிகம் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு திருநாமங்களையும் வரிசையாகச் சொல்லிக் கூப்பிடுகிறாள். தின்னப் பழம் தருகிறேன், கொஞ்சமும் நோகாமல் கடிப்பைப் போட்டுவிடுகிறேன் என்கிறாள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ‘வலிக்காது’. ஆனால் அந்தக் குழந்தைக்கு வாய் இருக்கிறது. மண் தின்றேன் என்று என்னை அடித்தாயே, வெண்ணெய் எடுத்தேன் என்று உரலில் கட்டினாயே, இப்போது உன் பேச்சை நம்பி வரச் சொல்கிறாயா என்று பழைய கணக்கையெல்லாம் எடுக்கிறது. நம் இலக்கியத்தில் ஒரு குழந்தை தன் காப்பாளரிடம் கணக்குக் கேட்கிற இடம் இதைவிடத் துல்லியமாக எனக்குத் தெரிந்து இல்லை. நவீனச் சிறுகதைகளில் வரும் குழந்தைகள் பெரும்பாலும் பெரியவர்களின் மனசாட்சியாக ஒரு ஓரத்தில் நின்று சிரிக்கிறவை, கேள்வி கேட்பதில்லை.

அம்மாவிடம் இந்தப் பதிகத்தைச் சொன்னேன். யசோதை சொன்ன பொய்யை ஒரு ஆழ்வாரே பாடியிருக்கிறபோது தான் சொன்னால் என்ன என்றுதான் அவள் அதிலிருந்து எடுத்துக்கொண்டாள். மனைவி விட்டுக்கொடுப்பதாக இல்லை. வலிக்கும், கொஞ்ச நேரம் வலிக்கும், அப்புறம் போய்விடும் என்று முந்தின நாளே சொல்லிவிட வேண்டும் என்கிறாள்.

“வலிக்கும்னு சொன்னா எந்தப் பிள்ளை வந்து மாமன் மடியில உக்காரும்?” என்று அம்மா கேட்கிறாள்.

ஆசாரிக்கு இன்னும் சொல்லி அனுப்பவில்லை.